எலி கேட்டுப் போன தை மாதம்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நெல்லு அறை. அதற்குள் கதவில்லாத ஓர் அலுமாரி நிற்கிறது. என் மனுசி கலியாணம் முடித்து வந்தபோது அவளோடு வந்த சாமான். ஒரு கதவு, போரில் நாங்கள் இடம்பெயர்ந்து போய்த் திரும்பிய காலத்தில் தொலைந்தது. மற்றக் கதவை நான் கழற்றிக் கோழிக்கூட்டுக்குப் போட்டேன். போரை மனுசி மன்னித்துவிட்டாள். என்னை இன்னும் இல்லை.

அந்த அலுமாரியின் மேல்தட்டில் ஒரு சோடிக் கூகை நாலு வருடம் குடியிருந்தது. ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு முழ இடைவெளி. பூசிவிடுகிறேன் என்று நான் வருடாவருடம் சொல்லிக்கொண்டிருந்த இடைவெளி. அதன் வழியாக வந்தவை. அப்பிளை நெடுக்காகப் பிளந்தால் எப்படித் தெரியுமோ அப்படி வெள்ளை முகம், அதில் இரண்டு கறுப்புக் கண். ஊரில் இதைச் சாக்குருவி என்பார்கள். கூரையில் இருந்து கத்தினால் அந்த வீட்டில் ஒரு சாவு என்று எல்லாரும் நம்புகிறார்கள்.

"நாலு வருசமாக் கத்துது. நான் செத்திட்டனே?" என்று மனுசியிடம் கேட்டேன்.

"அதுதான் விடாமக் கத்துது," என்றாள்.

நான் கூகைக்கு இடம் கொடுத்தது இரக்கத்தால் இல்லை. நானாட்டானிலிருந்து அருவியாற்றுப் பக்கம் போகும்போது வாய்க்கால் ஓரமாக எனக்கு இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பயிர் முழங்கால் அளவு வந்ததும் தென்னை மட்டைகளை வெட்டி, அகலமான அடிப்பக்கம் மேலே நிற்கும்படி வயலுக்குள் அங்கங்கே நாட்டுவோம். ஆந்தையும் கூகையும் அதில் வந்து குந்தியிருந்து எலி பிடிக்கும். மற்றவர்கள் குந்துவதற்கு மட்டை மட்டும் கொடுத்தார்கள். நான் குடியிருக்க அலுமாரியும் கொடுத்தேன். கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். வயல் செய்கிற எல்லாரும் கூடுகிற கமக்காரர் கூட்டத்தில் எழும்பி, "என்ர வயலுக்கு எலி மருந்து தேவையில்லை. ரெண்டு உத்தியோகத்தர் வேலை செய்யினம். சம்பளம் இல்லை, லீவு இல்லை, கந்தோருக்குப் பிந்தி வாறதும் இல்லை," என்றேன். கூட்டம் சிரித்தது. நாலு பேர் சிரித்தால் நான் இன்னும் நாலு வார்த்தை கூடச் சொல்லிவிடுவேன். அது எனக்குள்ள வருத்தம், மருந்து இல்லை. "தேவைப்பட்டால் வாடகைக்கு விடுறன்," என்றும் சொன்னேன்.

இது நடந்து அடுத்த காலபோகத்தில், மாரி மழைக்கு விதைக்கிற போகத்தில், எலி வந்தது.

எலி எப்போதும் இருக்கிறதுதான். ஆனால் அந்த வருடம் மழை ஒரு விளையாட்டு விளையாடியது. புரட்டாதிக் கடைசியிலேயே ஒருமுறை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போனது. அவசரக்காரர்கள் விதைத்தார்கள். ஐப்பசியில் ஒழுங்காக வந்தது. அப்போது இன்னொரு கூட்டம் விதைத்தது. குளத்துத் தண்ணீர் வரட்டும் என்று கார்த்திகை வரை பார்த்திருந்து விதைத்தவர்களும் இருந்தார்கள். நான் நடுக் கூட்டம். அவசரப்படுவதா பொறுப்பதா என்று மனுசியைக் கேட்டு முடிவெடுக்க எனக்கு அவ்வளவு நாள் பிடிக்கும். இப்படி ஒரே வயல்வெளியில் மூன்று வயதுப் பயிர் நின்றது. எலிக்கு வேறு என்ன வேண்டும்? முதல் பந்தி முடிய இரண்டாம் பந்தி, அது முடிய மூன்றாம் பந்தி. எழும்பாமலே சாப்பிடலாம். முந்தின கோடைச் சிறுபோகத்திலும் நல்லாகத் தின்றிருந்தவை வேறு. குடும்பம் பெருகிற்று.

மார்கழியில் வரம்பில் கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போனது. அவ்வளவு பொந்து. எலி கெட்டித்தனமானது. ஓரத்தில் வெட்டாது, நடுவில்தான் வெட்டும். வரம்பில் நின்று பார்த்தால் சுற்றிவரப் பச்சை, உள்ளே இறங்கினால் நடுவில் வழுக்கை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வயல் செய்கிற தம்பி என் வயலையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னாண்ணே, ரெண்டையும் ஒரே எலிதான் வெட்டியிருக்கு போல," என்றான்.

மலைநாட்டிலிருந்து பிள்ளைகுட்டியோடு இங்கே வந்து குடியேறிய குடும்பம் அவனுடையது. வந்து எத்தனையோ வருடம், இன்னும் பேச்சில் தேயிலைத் தோட்டம் மாறவில்லை. எனக்குப் பகிடி விடுகிற உரிமை ஊரில் இரண்டே பேருக்குத்தான் உண்டு, மனுசிக்கும் இவனுக்கும்.

எலிக்குப் பின்னால் மற்றவை எல்லாம் வந்தன. பருந்து வந்தது. சாரைப்பாம்பு வந்தது, புடையன் வந்தது. ஆற்றங்கரைப் பற்றைக்குள் இருக்கிற நரி, பகலிலேயே குட்டிகளோடு வரம்பில் நடந்து போனது. சந்தைக்குப் போகிற ஆட்கள் மாதிரி ஒருவருக்கும் பயமில்லை. என் உத்தியோகத்தர்களும் இரவு முழுக்க ஓவர்டைம் செய்தார்கள். விடிய நெல்லு அறையைத் திறந்தால் நிலமெல்லாம் அவை கக்கிய உருண்டைகள், மயிரும் எலும்புமாக. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒன்றை உடைத்துப் பார்த்தேன். மூன்று எலியின் தலை இருந்தது. தட்டில் தின்று முடிக்காத எலிகள் வரிசையாகக் கிடந்தன, பள்ளிமுனைச் சந்தையில் மீன் பரப்பினதுபோல.

அந்த வளத்தைப் பார்த்துத்தானோ என்னவோ, மற்ற வருடங்களில் மூன்றோ நாலோ முட்டை இடுகிற கூகை அந்த முறை ஏழு இட்டது. ஏழும் பொரித்தது. ஒரே நாளில் இல்லை, இரண்டு நாளைக்கு ஒன்றாக. அதனால் ஏழும் ஏழு அளவு. பெரியது கோழிக்குஞ்சை விடப் பெரிது, சின்னது என் பெருவிரல். கால் ஒன்றுக்கு முட்டுக்கொடுத்த கதிரையில் ஏறி நின்று பார்த்தபோது, பள்ளிக்கூடத்தில் உயரப்படி நிற்க வைத்த வரிசை மாதிரி இருந்தது. என்னைக் கண்டதும் ஏழும் ஒன்றாகச் சீறின. சைக்கிள் ரியூப் ஏழில் ஒரே நேரத்தில் காற்றுப் போகிற சத்தம். நான் கதிரையோடு விழுந்தேன்.

மனுசி கதவடியில் நின்றாள். "சாக்குருவி ஒண்டு எண்டால் ஒரு சா. ஏழு எண்டால்? ஊரில ஆக்கள் மிஞ்சுவினமோ?"

"நீங்கள் எனக்குப் பின்னாலதானே போவியள். பயப்பிடாதேங்கோ."

"எழும்புங்கோ முதல்ல," என்றாள்.

அதற்குள் கமக்காரர் கூட்டம் வைத்தார்கள். எலிக்கு எல்லாரும் ஒரே நாளில் மருந்து வைக்கவேண்டும், ஒருவன் வைத்து ஒருவன் விட்டால் பலனில்லை என்று பேச்சு. சம்மதமானவர்கள் கையை உயர்த்துங்கோ என்றார்கள். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. உத்தியோகத்தர் என்று பகிடி விட்டவன் என்ன செய்யப் போகிறான் என்று. எனக்கு என் வயலின் நடுவும் தெரிந்தது, அவர்களுடைய வயல்களின் நடுவும் தெரிந்தது. கையை உயர்த்தினேன். பாதி உயரம்தான். ஆனால் கூட்டத்தில் பாதிக் கைக்கும் முழுக் கைக்கும் வித்தியாசம் இல்லை.

மருந்தில் பாதிப் பைக்கற்றைத்தான் வைத்தேன். அதையும் வீட்டுக்குத் தூரமான வரம்பில், கருவாட்டுத் தூள் கலந்த அரிசியோடு. என் கூகை அந்தப் பக்கம் போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூகைக்கு வரம்பு எல்லை தெரியுமாக்கும். மனுசிக்குச் சொல்லவில்லை.

இந்த மருந்து தின்ற எலி உடனே சாகாது. நாலைந்து நாள் உள்ளுக்குள் இரத்தம் கசிந்து, நடை தளர்ந்து, பிறகுதான் சாகும். இதை நான் சொல்லவில்லை, பைக்கற்றில் எழுதியிருந்தது.

மூன்றாம் நாள் மழை பிடித்தது.

தைப்பொங்கலுக்கு ஒரு கிழமை இருக்க வந்த மழை. அந்த நேரம் வரக்கூடாத மழை. கதிர் பால்பிடித்துத் தலை சாய்க்கிற பருவம். முதல் நாள் எல்லாரும் சும்மா பேசினோம். இரண்டாம் நாள் வானத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தோம். மூன்றாம் நாள் மேலே எங்கோ குளங்கள் நிரம்பி வழிகின்றன என்று செய்தி வந்தது. மேலே பெய்த மழையும் எங்களிடம்தான் வரும், அருவியாறு வேறு பாதை அறியாது. நாலாம் நாள் விடிய வாசலில் நின்று பார்த்தேன். வயல் இல்லை. ஒரு தண்ணீர் வெளி. அதில் என் தென்னை மட்டைகளின் மேல்முனைகள் மட்டும் வரிசையாக நீட்டிக்கொண்டு நின்றன.

மட்டைகளில் எலிகள் குந்தியிருந்தன.

ஒரு மட்டையில் நாலைந்து. ஒன்றன்மேல் ஒன்றாக, நனைந்து, நடுங்கிக்கொண்டு. எலியைப் பிடிக்கிற கூகை இருப்பதற்கென்று நான் நாட்டிய ஆசனம். சிரிப்பு வந்தது. சிரித்து முடிய முன்னமே நெல்லு அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

அன்று பகலும் அடுத்த பகலும் பருந்துக்கும் கொக்குக்கும் காகத்துக்கும் கலியாண வீடு. மட்டையில் இருந்ததைப் பருந்து சும்மா வந்து எடுத்துக்கொண்டு போனது, கடையில் சாமான் எடுப்பதுபோல. றோட்டு மேட்டில் நின்ற நரி ஓட முடியாத அளவுக்குத் தின்று வயிறு நிலத்தில் முட்ட நின்றது. தம்பி கல்லெறிந்தான், அது அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஏப்பம் விட்டது. ஏப்பத்தை நான் சேர்த்துச் சொல்கிறேன். மற்றது உண்மை. மூன்றாம் பகல் மட்டைகள் வெறுமையாக நின்றன. பொந்துகள் தண்ணீருக்குள். மிதந்ததெல்லாம் மிதந்து போனது. பருந்துகளும் காணாமல் போயின.

நெல்லு அறையில் வேறு கதை. கூகையின் இறகு பஞ்சு மாதிரி. அதனால்தான் அது சத்தமில்லாமல் பறக்கும். அதனாலேயே மழையில் நனைந்தால் பறக்க முடியாது. ஊருக்கே எலி விருந்து நடந்த இரண்டு நாளும் அவை கூரைத் தீராந்தியில் குந்தியிருந்து மழையைப் பார்த்தன. இரண்டாம் நாள் பின்னேரம் மழை சற்று விட, ஆண் கூகை இடைவெளியால் வெளியே போனது. திரும்பவில்லை. நனைந்து எங்கேயும் விழுந்ததா, மருந்து தின்ற எலியைத் தின்றதா, தெரியாது. எனக்குத் தெரியாதவற்றில் இது முதலாவது.

தட்டில் சேர்த்து வைத்திருந்த எலிகள் முடிந்தன. ஏழும் சீறின. வெள்ளம் வந்த நாலாம் நாள் விடிய வரிசையில் கடைசி இரண்டையும் காணவில்லை. விழுந்திருக்கும் என்று அலுமாரிக்குக் கீழே, பின்னால், நெல்லு மூட்டை இடுக்கில் எல்லாம் தேடினேன். பிறகு பெரியதின் வாயோரத்தில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூவியைக் கண்டேன். கதிரையில் இருந்து இறங்கினேன். மனுசி கேட்டாள்.

"எத்தினை நிக்குது?"

"அஞ்சு."

"ரெண்டு எங்க?"

"உள்ளதான் இருக்கு," என்றேன். பொய் இல்லை.

 அவள் கோழிக்கூட்டடிக்குப் போய்ப் பொங்கல் கழியச் சமைக்கவென்று விட்டு வைத்திருந்த கோழியைப் பிடித்து வந்து என் கையில் தந்தாள். இந்தப் பறவையை வீட்டை விட்டுக் கலைத்துவிடச் சொல்லி நாலு வருடம் நின்றவள். "நாளைக்கு என்னையும் வெட்டிப் போடச் சொல்லுவியள்," என்றாள், அவ்வளவுதான்.

கோழித் துண்டை ஈர்க்கில் குத்தி நீட்டினேன். முதல் நாள் என் விரலைத் தின்றன. இரண்டாம் நாள் கொஞ்சம் இறைச்சியும் தின்றன. தாய்க் கூகை தீராந்தியில் இருந்து, இவன் யார் என்று தலையைக் கீழ்மேலாகத் திருப்பிப் பார்த்தது. ஆனால் வெறும் சதை அவற்றுக்குப் போதாதென்று பட்டது. மயிரும் எலும்புமாக முழுசாக விழுங்கிப் பழகிய வயிறு. தின்றவையும் சோர்ந்தன. மழைக் குளிர் வேறு. ஐந்து நாலாயிற்று.

பள்ளிமுனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவர் ஒருவர் இருக்கிறார். வெள்ளத்துக்குப் பிறகு அன்றுதான் வந்தார். கடலும் கலங்கிப்போய் ஒருவரும் பெரிதாகத் தொழிலுக்குப் போகவில்லை, பெட்டியின் அடியில் கொஞ்சம் சூடை மீன் மட்டும். எல்லாவற்றையும் தரச் சொன்னேன்.

"விருந்தாளோ அண்ணை?"

"கூகைக் குஞ்சுக்கு."

அவர் பெட்டி மூடியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "மாதாவே. முள்ளு எடுத்துக் குடுப்பியளோ, இல்லாட்டி அதுகளே எடுக்குமோ?"

"எடுத்துத்தான் குடுக்கவேணும். புளி விடாத கறி எண்டால் இன்னும் விருப்பம்."

சிரித்தோம். குஞ்சுகள் மீனைத் தொடவில்லை. அறை மூன்று நாள் நாறியது. மனுசி சொன்னாள்: "எலியைத்தான் தேடவேணும்."

அப்படித்தான் தை மாதத்தில் நான் எலி கேட்டுப் போனேன். எலிக்குக் கூட்டம் வைத்த ஊரில், எலிக்குக் கை உயர்த்தினவன், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் வீடு வீடாக, "உங்கட வீட்டில எலி இருக்கோ?" என்று. இருக்கிற காலத்தில் எலி இல்லாத வீடில்லை. இப்போது கேட்டால் எல்லாரும் குடும்பமாகக் கூரையைப் பார்க்கிறார்கள். "நேற்று வரைக்கும் இருந்ததே," என்று ஒரு வீட்டில் கவலையோடு சொன்னார்கள், ஆள் ஊரை விட்டுப் போனதுபோல. இன்னொரு வீட்டில் எனக்கு மனம் சரியில்லை என்று நினைத்துத் தேத்தண்ணி தந்தார்கள். பாப்பாமோட்டையில் இருக்கிற மச்சானுக்குப் போன் எடுத்தேன்.

"இஞ்ச வெள்ளம் குறைவு அத்தான். எலி கிடக்கு. ஆனா றோட்டை வெட்டிக்கொண்டு தண்ணி போகுது, பஸ் இல்லை. தபாலில போடட்டோ?"

மழை விட்டு நாலாம் நாள், நாலில் இன்னும் இரண்டு போய்விட்டன. மிஞ்சியது பெரியதும் மூன்றாவதும். அன்று பின்னேரம் தம்பி வந்தான். கையில் ஒரு சாக்கு. சாக்கின் அடியில் ஒரு வயல் எலி, நல்ல பெரிது.

"அடுப்படியில ஒதுங்கியிருந்திச்சுண்ணே. கையாலயே புடிச்சேன்."

"கையாலயோ? ஓடேல்லையோ?"

"ஓடவே இல்லண்ணே. பாவம், குளுருல வெறைச்சிப் போச்சு."

நான் அந்த எலியைப் பார்த்தேன். சாகவில்லை, கண் திறந்திருந்தது, ஆனால் வாலைத் தூக்கவும் மனமில்லாமல் கிடந்தது. குளிரில் விறைத்த எலியும் அப்படித்தான் கிடக்கும். மருந்து தின்று நாளான எலியும் அப்படித்தான் கிடக்கும். மருந்து வைத்துப் பத்து நாளுக்கு மேலாகிவிட்டது, இவ்வளவு நாள் ஓர் எலி தாங்குமா? வெள்ளத்தில் மிதந்து வந்த அரிசியைப் பிறகு தின்றிருந்தால்? மூக்கு ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு இருந்தது. எங்கள் ஆற்று மண்ணும் அந்த நிறம்தான். நான் என் சாரத்தின் நுனியால் அதைத் துடைத்தேன். துடைத்த பிறகு பார்க்க ஒன்றும் இல்லை.

தம்பிக்கும் யோசனை ஓடியிருக்கிறது. "குடுப்போமாண்ணே?" என்று கேட்டான். கேட்டது என்னை. ஊரில் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறவன் நான்தானே.

அறைக்குள் இரண்டும் சீறின. முன்னர்போலச் சத்தமாக இல்லை. ரியூபில் காற்று முடியப் போகிற சத்தம்.

"குடுப்பம்," என்றேன்.

எலியைத் தலையில் அடித்து, கத்தியால் இரண்டாக வெட்டினேன். இங்கேதான் நான் நியாயம் பார்த்தேன். பெரியதுக்கு ஏற்கெனவே பலம் இருக்கிறது, சின்னதுதான் மெலிந்திருக்கிறது என்று நினைத்து, தலைப்பக்கத்தைப் பெரியதுக்குப் போட்டுவிட்டு, ஈரலும் குடலும் உள்ள கொழுத்த பாதியைச் சின்னதுக்குக் கொடுத்தேன். இரண்டும் ஒரே மூச்சில் விழுங்கின. வால் மட்டும் கொஞ்ச நேரம் வெளியே நின்று உள்ளே போனது. தம்பியும் மனுசியும் நானும் கதவடியில் நின்று, பிள்ளை முதல் சோறு தின்றதுபோல ஒருவரையொருவர் பார்த்தோம். மனுசி தம்பிக்குத் தேத்தண்ணியோடு பொங்கல் சோறும் கொடுத்தாள். பொங்கல் முடிந்து பல நாள், அது வெறும் சர்க்கரைச் சோறு. ஆனால் அவள் பொங்கல் என்றுதான் சொன்னாள்.

மூன்றாம் நாள் விடியச் சின்னது தட்டின் ஓரத்தில் சரிந்து கிடந்தது. சொண்டின் நுனியில் ஒரு சொட்டு இரத்தம், காய்ந்து. பெரியது பக்கத்தில் நின்றது. ஒன்றும் ஆகவில்லை அதற்கு.

பசியில் செத்திருக்கலாம். பசியிலும் குளிரிலும் மற்றவை செத்தபோது இரத்தம் இல்லை. ஆனால் பெரியது கொத்தியும் இரத்தம் வந்திருக்கலாம், கொத்தித் தின்கிற ஆள்தானே அது. பாதிப் பைக்கற்று என்னுடையது. மற்றப் பைக்கற்றுகள் ஊருடையவை. எந்த வரம்பில் தின்ற எலி என்று எலியைக் கேட்க வழியில்லை. நான் மனுசிக்கு அன்றுதான் பாதிப் பைக்கற்றைச் சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன். "சரி, அதை வெளிய எடுங்கோ, பெரிசு தின்னப்போகுது," என்றாள். செத்ததுக்குள்ளும் மருந்து இருக்கலாம் என்பது அவளுக்கு உடனே தெரிந்தது. நான் கை உயர்த்திய அன்று அவள் கூட்டத்துக்கு வந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

மாமரத்தடியில் ஆழமாகக் கிடங்கு வெட்டித் தாட்டேன். நரி தோண்டி எடுக்காமல் மேலே கல் வைத்தேன். பிறகு தம்பி இரண்டு எலி கொண்டு வந்தான், துள்ளுகிற எலி, அவனுடைய கையில் கடித்த காயமும் இருந்தது. அப்படியும் நான் வாங்கவில்லை. "கடிச்ச எலிண்ணே, நல்ல சுகமான எலி," என்றான். நான் வேண்டாமென்று தலையாட்டினேன். குஞ்சு உள்ளே சீறிக்கொண்டிருந்தது. கொடுத்தாலும் கொல்வேன், கொடுக்காவிட்டாலும் கொல்வேன் என்று கதிரையில் இருந்தேன். கதிரைக்கு ஒரு கால் கட்டை. ஆடிக்கொண்டிருந்தது. பகிடி ஒன்றும் வரவில்லை.

அந்த இரண்டையும் மனுசிதான் தம்பியின் கையிலிருந்து வாங்கிக் குஞ்சுக்குக் கொடுத்தாள்.

தண்ணீர் வடிந்தது. சேறு காய, தாய்க் கூகை எங்கிருந்தோ ஓணானும் தவளையும் கொண்டுவரத் தொடங்கியது. இடையிடையே ஓர் எலியும். நான் கோழித் துண்டு நீட்டினேன். எது அதைக் காப்பாற்றியது என்பதும் எனக்குத் தெரியாதவற்றில் ஒன்று. வெள்ளைத் தூவி உதிர்ந்து பழுப்பு இறகு வந்தது. மாசியில், சாய்ந்து முளைத்துப்போன என் நெல்லில் மிஞ்சியதை வெட்டு மெசின் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், அது இடைவெளியால் வெளியே வந்து, தட்டுத்தடுமாறிப் பறந்து, வெட்டின வயலின் நடுவில் நின்ற மட்டையொன்றில் போய் இருந்தது. என் மட்டை. வெயில் இருக்க வெளியே வந்த முட்டாள். என்னிடம் வளர்ந்ததுதானே.

காகங்கள் கண்டுவிட்டன. பத்து, இருபது, எங்கிருந்து வந்தன என்று தெரியாது. சுற்றிச் சுற்றிக் கொத்தின. நான் குடையை விரித்துக்கொண்டு ஓடினேன். மனுசி விளக்குமாறோடு பின்னால் வந்தாள். மெசினில் நெல்லுக்குச் சாக்குப் பிடித்துக்கொண்டிருந்த தம்பி இறங்கிச் சாக்கைச் சுழற்றினான். மெசின்காரர் வேலையை நிறுத்திவிட்டு எங்கள் மூன்று பேரையும் போனில் படம் எடுத்தார். பொழுதுபட்ட பிறகுதான் காகங்கள் போயின. குஞ்சு மட்டையிலேயே இருந்தது. ஒரு செட்டை சற்றுத் தொங்கினமாதிரி இருந்தது. அல்லது அப்படித்தான் இருப்பதோ. கிட்டப் போனால் பயந்து விழுந்துவிடும் என்று திரும்பி வந்தோம்.

விடிய மட்டையில் இல்லை. கீழே இறகும் இல்லை, இரத்தமும் இல்லை. தாய்க் கூகையும் பிறகு அலுமாரிக்கு வரவில்லை. மீன்காரர் வரும்போதெல்லாம், "உங்கட ஆள் இருக்குதோ?" என்று கேட்பார். நான் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பதில் சொன்னேன். கொழும்புக்கு வேலைக்குப் போயிற்று என்றும் ஒருமுறை சொன்னேன்.

அடுத்த காலபோகம் மழை பிந்தியது. எல்லாரும் குளத்துத் தண்ணீருக்காகக் காத்திருந்து ஒரே கிழமையில் விதைத்தோம். வெள்ளத்தில் அழிந்த எலி திரும்பப் பெருகவில்லை. வரம்பு கல்லுமாதிரி நின்றது. பருந்தில்லை, பாம்பில்லை, நரி ஊருக்குள் வந்து கோழி பிடித்தது. பயிர் அழகாக நின்றது. மனுசி ஒவ்வொரு விடியலும் நெல்லு அறையைத் திறந்து நிலத்தைப் பார்த்தாள், கக்கிய உருண்டை ஏதும் கிடக்கிறதா என்று. கூட்டுவதற்கு என்று சொல்லுவாள். கூட்ட அங்கே ஒன்றும் இல்லை.

அதற்கும் அடுத்த வருடம், இந்த மார்கழியில், வயலின் நடுவில் இறங்கி நின்றபோது, சரிவாக வெட்டின நாலைந்து நெல்லுத் தாளைக் கண்டேன். பக்கத்தில் புதுப் பொந்து, ஈர மண். வீட்டுக்கு ஓடிவந்து மனுசியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். அவள் அந்த வெட்டின தாளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கமக்காரன் குடும்பம் எலி வெட்டைப் பார்த்து இப்படி நிற்பதை வேறு யாரும் கண்டிருந்தால் எங்கள் இரண்டு பேரையும் ஆசுப்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்கள்.

"இடைவெளியைப் பூசிப்போடாதேங்கோ," என்றாள்.

அடுத்த கிழமை கூட்டம். எலி திரும்பத் தலைகாட்டுகிறது, முளையிலேயே முடிக்கவேண்டும், ஒரே நாளில் வைப்போம் என்றார்கள். சம்மதமானவர்கள் கையை உயர்த்துங்கோ. தம்பி கையை உயர்த்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு நாலு பிள்ளைகள், அந்த வெள்ளத்தில் விளைச்சலை முழுசாக இழந்தவன். கூட்டம் முழுக்க நான் ஏதும் பகிடி சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மனுசி நெல்லு அறை வாசலில் நின்றாள்.

"கை தூக்கினியளோ?"

"தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்டேன்.

அவள் குசினிப் பக்கம் போகவில்லை. அங்கேயே நின்றாள்.